பின்சீட்டு

பன்னிரண்டு மணிக்குள் சொல்லிவிட்டால் அது தானாகச் சொன்னதாகும், பன்னிரண்டு தாண்டிவிட்டால் மாட்டிக்கொண்டு சொன்னதாகும் என்று ஈஸ்வரமூர்த்தி தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு கார் ஷோரூம் சோபாவில் உட்கார்ந்திருந்தான். பன்னிரண்டுக்கு ராகு காலம் முடிகிறது. முடிந்ததும் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கிற வண்டியின் மேலிருந்து சிவப்புத் துணியை உருவுவார்கள், கேக் வெட்டச் சொல்வார்கள், மனைவி வளர்மதி நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைப்பாள், வைத்துவிட்டு நிமிர்ந்து பின்கதவைத் திறப்பாள், அதோடு எல்லாம் தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று இரண்டு பேரும்தான் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பம் என்பதை, பூஜைத் தேங்காயைத் தேடிய பரபரப்பில் இரண்டு பேரும்தான் மறந்தார்கள். வந்த பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. முதல்முதலாகக் கடையிலிருந்து நேராக எடுக்கிற வண்டி, இருந்தே எடுத்துக்கலாங்க, எனக்கு ரெண்டு மணிக்குத்தானே டூட்டி என்று சொல்லி, மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். பையிலிருந்து எலுமிச்சை வாசம் வந்தது. சாதாரண நாளாக இருந்தால் அந்த வாசத்துக்கு அவனுக்கு ரசம் ஞாபகம் வந்திருக்கும். இன்றைக்கு நான்கு சக்கரமும் பின்கதவும்தான் ஞாபகம் வந்தன. ஏசிக் காற்று நேராக அவன் பிடரியில் அடித்தது, ஆனாலும் சட்டைக்குள் வியர்த்தது, வியர்வையை அவள் பார்த்தால் என்ன சொல்வது என்று அதற்கு வேறு ஒரு யோசனை ஓடியது. இன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்த, ஆறாவது படிக்கிற மகள் தர்ஷிகா ஒவ்வொரு காராக ஏறி இறங்கி ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டியை விற்ற ஸ்டெல்லா என்ற பெண் தூரத்து மேஜையிலிருந்து அவ்வப்போது இவர்களைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரிப்பு வளர்மதிக்கு, பார்வை தனக்கு என்று அவனுக்குத் தோன்றியது.

ஸ்டெல்லாவுக்குத் தெரியும். இந்த ஊரில் அவளுக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும். வண்டியை முன்பதிவு செய்த அன்று வளர்மதி வரவில்லை, ஆஸ்பத்திரியில் லீவு கிடைக்கவில்லை. ஸ்டெல்லா இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒரே வண்டி, கிட்டத்தட்ட ஒரே விலை. ஒன்றில் முன்னாலும் பக்கவாட்டிலும் பின்சீட்டு ஜன்னலுக்கு மேலும் ஏர்பேக் உண்டு, மற்றபடி அது மொட்டையாக இருக்கும், சக்கரத்தில் பிளாஸ்டிக் மூடி, பாட்டுக்குச் சின்னப் பெட்டி. இன்னொன்றில் கூரையில் திறக்கிற கண்ணாடி, மினுக்குகிற அலாய் வீல், டிவி மாதிரி திரை, ஏர்பேக் மட்டும் முன்னால் உட்காருகிற இரண்டு பேருக்கு. இரண்டும் சேர்ந்த வண்டியும் இருக்குங்க சார், அதுக்கு இன்னும் மேலே போகணும் என்றாள். மேலே போக முடியாது. வீட்டுக் கடன் இருக்கிறது, போன வருஷம் மாமனாருக்குச் செய்த ஆபரேஷன் இருக்கிறது. சரி, போக முடியாதவன் மொட்டை வண்டியை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதானே? வளர்மதி வருஷக்கணக்காகக் கேட்டது அது ஒன்றுதானே? நிறம் கேட்கவில்லை, பாட்டு கேட்கவில்லை. எலும்பு முறிவுப் பிரிவில் பிசியோதெரபி பார்க்கிறவள் அவள். விழுந்து எழுந்தவர்களுக்கு மறுபடி நடக்கச் சொல்லிக்கொடுப்பது, விரலை மடக்கச் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. கல்லூரிப் பெண் ஒருத்தி ஸ்பூனைப் பிடிக்கக் கற்றுக்கொண்ட அன்றைக்கு வீட்டுக்கு வந்து கேசரி கிண்டினாள். அன்று ராத்திரி சாப்பிடும்போது சொன்னாள், "முன்னாடி உக்காந்திருந்தவங்க பழம் வாங்கிட்டுப் பாக்க வர்றாங்க. பின்னாடி உக்காந்திருந்தவங்கதான் கட்டில்ல படுத்திருக்காங்க. நாம வண்டி வாங்கினா பின்னாடிக்கும் அந்தக் காத்துப் பை இருக்கோணுங்க." அவன் கேசரியில் முந்திரியைத் தேடிக்கொண்டே சரி என்றான். முன்பதிவு செய்த அன்று ஸ்டெல்லா எதிரில் நிற்கும்போதே வளர்மதி போன் பண்ணினாள். பின்னாடிக்கு இருக்குதுங்களா என்று கேட்டாள். "எல்லாருக்கும் இருக்குது" என்றான். சொல்லும்போது அவன் விரல் கூரைக் கண்ணாடி போட்ட தாளின்மேல் இருந்தது. ஸ்டெல்லா சட்டென்று தலையைக் குனிந்து இல்லாத ஒரு பேனாவை மேஜையில் தேடினாள். அந்தத் தேடலை நினைக்கும்போதெல்லாம் அவனுக்குக் காது மடல் சூடாகிறது. எல்லாருக்கும் என்று ஏன் சொன்னான்? பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம், லைன் சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். எல்லாருக்கும் என்று அவ்வளவு தாராளமாக, பந்தியில் பாயசம் ஊற்றுகிறவன் மாதிரி சொல்லிவிட்டான்.

எல்லாம் அந்தப் பெரியவரால் வந்தது. இல்லை, அவரால் இல்லை, அவர் பாவம் என்ன செய்தார், பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று நினைத்தார். வளர்மதியின் சித்தப்பா மகள் கல்யாணம், பங்குனியில். பெண் வீட்டார் பக்கத்து மாப்பிள்ளை என்ற முறையில் பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம், சட்டைப் பையில் மொய்க் கவர். மனைவியையும் மகளையும் மண்டப வாசலில் இறக்கிவிட்டு, தன் பழைய வெள்ளைக் காரை நிறுத்த இடம் தேடி மெதுவாக உருட்டிக்கொண்டு போனான். ஊரில் பாதிக் கால் டாக்ஸி அதே வண்டி, அதே வெள்ளை. பின்கதவு திறந்தது. தாம்பூலப் பையோடு ஒரு பெரியவர் ஏறி உட்கார்ந்து கதவை அறைந்து சாத்தினார். "பஸ் ஸ்டேண்டு போப்பா. ஈரோட்டு வண்டியப் புடிக்கோணும்" என்றார். அப்போது திரும்பி, ஐயா, இது டாக்ஸி இல்லைங்க, நான் பொண்ணு வீட்டு மாப்பிள்ளைங்க என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கலாம். அவரும் ஐயையோ என்று இறங்கிக் கையைப் பிடித்திருப்பார், பந்தியில் அதுவே ஒரு கதையாக ஓடியிருக்கும். அவன் வாயிலிருந்து வந்தது, சரிங்க. ஏன் சரிங்க? இத்தனை மாதமாக அந்த ஒரு சொல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறான், அடி தெரியவில்லை. பக்கத்தில் சகலை மோகனசுந்தரத்தின் பெரிய வண்டி நின்றது, அதன் கூரைக் கண்ணாடி திறந்திருந்தது, வாண்டுகள் நான்கைந்து பேர் தலையை வெளியே நீட்டிக் கூத்தடித்துக்கொண்டிருந்தார்கள், அதற்குள் தர்ஷிகாவும் ஓடிப்போய் ஏறியிருந்தாள். அவர்கள் முன்னால் இந்த விளக்கத்தைச் சொல்லக் கூச்சப்பட்டானா? கூச்சப்பட்டவன் அவரை ஏற்றிக்கொண்டு போனான். வழியெல்லாம் அவர் பேசினார். மண்டபத்துல மாசச் சம்பளமா, ட்ரிப்புக்கு இவ்வளவுன்னா என்று விசாரித்தார். பெண் வீட்டார் சாப்பாடு பரவாயில்லை, ஆனால் அவர்களுக்கு மரியாதை தெரியவில்லை, வாசலில் நின்று வாங்க என்று கூப்பிட ஒரு ஆள் இல்லை என்றார். வாசலில் நின்று கூப்பிட வேண்டிய ஆள் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்து, ஆமாங்க என்றான். பஸ் ஸ்டாண்டில் நூறு ரூபாயை நீட்டி, மீதிய வெச்சுக்கோ என்றார். வாங்கினான். வாங்காவிட்டால் ஏன் என்று கேட்பாரே. திரும்பி மண்டபத்துக்கு வந்து அதை என்ன செய்வதென்று தெரியாமல் மொய்க் கவருக்குள்ளேயே செருகிக் கொடுத்துவிட்டான். எங்கே போனீங்க என்று கேட்ட வளர்மதியிடம் பார்க்கிங் கிடைக்கலை என்றான். அன்றைக்குக் கல்யாணமான அந்தப் பெண்ணுக்கு அடுத்த மாதம் வளைகாப்பு. பெரியவர் கல்யாண மாப்பிள்ளைக்கு நெருங்கிய சொந்தம் என்று வழியில் அவரே சொல்லியிருந்தார், கட்டாயம் வருவார். வந்து, அட, நம்ம டிரைவர் என்று எல்லார் முன்னாலும் தோளில் தட்டுவார். அலாய் வீலும் கூரைக் கண்ணாடியும் உள்ள வண்டியிலிருந்து இறங்கினால் அவருக்கே சந்தேகம் வந்துவிடும், வேறு ஆள் போலிருக்கிறது என்று விட்டுவிடுவார். இதுதான் கணக்கு. பெயர்கூடத் தெரியாத ஒரு கிழவர் தோளில் தட்டாமலிருப்பதற்காக மகள் தலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியதை விட்டுக்கொடுத்திருக்கிறான். இப்படிப் பச்சையாக நினைத்ததும் அவனுக்கு எழுந்து எங்காவது போய்விட வேண்டும் போலிருந்தது, எழுந்தால் எங்கே என்று அவள் கேட்பாளே என்று உட்கார்ந்திருந்தான்.

ஆனால் அவன் என்ன, பெங்களூர் ரோட்டில் பறக்கப் போகிறானா? பள்ளிக்கூடம், மார்க்கெட், மாமனார் வீடு, வருஷத்துக்கு ஒரு தடவை பழனி. நாற்பதுக்கு மேல் ஓட்டுவதில்லை என்று முடிவு செய்துகொள்ளலாம். பின்சீட்டில் பெல்ட் இருக்கிறது, பெல்ட் போட்டால் போதும் என்கிறார்கள். யார் என்கிறார்கள்? யாரோ. ஊரில் ஓடுகிற வண்டியில் எத்தனை வண்டியில் பின்னால் பை இருக்கிறது, அவர்கள் எல்லாம் செத்தா போனார்கள்? செத்துப்போகவில்லை, வளர்மதியிடம் வந்து விரலை மடக்கக் கற்றுக்கொள்கிறார்கள். அந்த எண்ணத்தை அங்கேயே விட்டுவிட்டு வேறு பக்கம் போனான், அது பின்னாலேயே வந்தது. அவன் வேலை பார்ப்பது பனியன் கம்பெனியில், தரம் பார்க்கிற பிரிவில். குழந்தைத் துணி என்றால் பட்டனை மிஷினில் மாட்டி இழுத்துப் பார்க்க வேண்டும். கொஞ்சம் இளகினாலும் அந்த லாட் முழுக்கத் திரும்பிப் போகும். போன மாதம் அப்படி ஒரு லாட்டைத் திருப்பியபோது தையல் காண்ட்ராக்டர் வந்து கெஞ்சினார், சார், ஒரே ஒரு பட்டன் சார் என்றார். குழந்தை வாயில் போட்டுக்கும், நீங்களா பொறுப்பு என்று அவன் கத்தினான். எந்த நாட்டுக் குழந்தையோ, பெயர் தெரியாது, முகம் தெரியாது. அதற்காக அவ்வளவு கத்தினவன்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறான். காண்ட்ராக்டர் இப்போது எதிரில் வந்து நின்றால் என்ன கேட்பார் என்று நினைத்துப் பார்த்தான். ஒன்றும் கேட்க மாட்டார், சிரிப்பார். முந்தாநாள் சாயங்காலம் கம்பெனியிலிருந்து நேராக இங்கே வந்து, வண்டியைப் பார்க்கணும் என்று ஸ்டெல்லாவிடம் சொல்லி, பின்கதவைத் திறந்து ஜன்னலுக்கு மேலே தடவிப் பார்த்தான். பை இருக்கிற வண்டியில் அந்த இடத்தில் சின்ன எழுத்தில் அச்சுப் போட்டிருக்கும். கூட வேலை பார்க்கிற டாக்டரம்மா வண்டியில் வளர்மதிதான் அவனுக்கு அதைக் காட்டினாள், இங்க எழுதியிருக்கும் பாருங்க, வெளிய தெரியாது, ஆனா உள்ளுக்குள்ள மடிச்சு வெச்சிருப்பாங்க என்று. இவன் வண்டியில் அந்த இடம் வழுவழுவென்று இருந்தது. தடவினால் எழுத்து முளைத்துவிடும் என்பதுபோல இரண்டு மூன்று தடவை தடவினான். மாத்த முடியுமாம்மா என்று கேட்டான். வண்டி உங்க பேர்ல பதிவாயிருச்சுங்களே சார் என்று ஸ்டெல்லா மெதுவாகச் சொன்னாள். அந்த மெதுவை அவனால் தாங்க முடியவில்லை.

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றரை தாண்டியிருந்தது. இப்போது சொல்லிவிடலாம். வளரு, ஒண்ணு சொல்லோணும் என்று ஆரம்பித்தால் போதும், மிச்சம் தானாக வரும். தொண்டையைச் செருமினான். அவள் திரும்பிப் பார்த்தாள், ஏசி ஒத்துக்கலீங்களா என்று கேட்டுவிட்டுத் தன் சேலைத் தலைப்பை எடுத்து அவன் பிடரியில் போட்டாள். நாலு பேர் பார்க்கிற இடத்தில் அப்படிச் செய்கிறவள் இல்லை அவள். இன்றைக்குச் சந்தோஷமாக இருக்கிறாள். ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் கொண்டு வந்து விடுங்க, எங்க செட்டெல்லாம் சாப்பிட்டு வெளிய நிக்கிற நேரம், பாக்கட்டும் என்று காலையில் தலை வாரும்போது சொன்னாள். அவளும் நாலு பேர் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறாளே என்று அதில் ஒரு கணம் தொற்றிக்கொள்ளப் பார்த்தான். அவள் நினைத்ததில் பொய் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம், அவ்வளவுதானா வித்தியாசம்? சேலைத் தலைப்பின் சூடு பிடரியில் இருந்தது. அதற்கு அடியில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ஒண்ணுமில்ல, தூசி என்றான். பிறகு ஒரு யோசனை வந்தது, பாழாய்ப்போன யோசனை, ஆனால் வந்தபோது வெளிச்சமாகத்தான் வந்தது. அவளை முன்சீட்டில் உட்கார வைத்துவிடலாம். முன்னால் பை இருக்கிறது. அவளுக்குப் பை கிடைத்துவிடும், பின்கதவை அவள் திறக்கவே வேண்டியதில்லை. இந்தப் பக்கம் பாதுகாப்பு, அந்தப் பக்கம் மானம். பின்னால் யார் உட்காருவார்கள் என்பதை அந்த வெளிச்சத்தில் அவன் பார்க்கவில்லை. பதினைந்து நிமிஷம் கிட்டத்தட்ட நிம்மதியாக இருந்தான்.

பன்னிரண்டு அடித்து இரண்டு நிமிஷம் விட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று வளர்மதி எழுந்தாள். துணியை உருவினார்கள். கூரைக் கண்ணாடியைப் பார்த்ததும் தர்ஷிகா மோகன் பெரியப்பா வண்டி மாதிரியே என்று குதித்தாள். இதெல்லாம் எதுக்குங்க, வேற செலவில்லையா என்றாள் வளர்மதி, ஆனாலும் முகம் மலர்ந்துதான் இருந்தது. கேக் வெட்டினார்கள், ஒரு பெரிய அட்டைச் சாவியைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றார்கள். அவள் சூடம் காட்டி, சந்தனம் வைத்து, குனிந்து குனிந்து நான்கு பழத்தையும் வைத்தாள். அவன் வண்டியை ஒரு அடி நகர்த்தினான், பழங்கள் நசுங்கின. அவள் கையைத் துடைத்துக்கொண்டு வழக்கம்போலப் பின்கதவை நோக்கிப் போனாள். அவன் அவசரமாக ஜன்னல் கண்ணாடியை இறக்கினான்.

"வளரு, நீ முன்னாடி வந்து உக்காரு."

கல்யாணமாகிப் பதின்மூன்று வருஷத்தில் அவன் இப்படிச் சொன்னதே இல்லை. குழந்தை பிறந்ததிலிருந்து அவளும் தர்ஷிகாவும் பின்னால்தான். அவள் நின்றாள். "பாப்பா பின்னாடி தனியாவா?" என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல அவன் வாயைத் திறந்தான், அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது, கால் மணி நேரமாகத் தான் நிம்மதியாக யாரைப் பின்னால் உட்கார வைத்திருந்தோம் என்று. வாய் திறந்தபடியே இருந்தது. அதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பின்கதவைத் திறந்து, குனிந்து, ஜன்னலுக்கு மேலே விரலை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவினாள். ஆஸ்பத்திரியில் எலும்பு கூடியிருக்கிறதா என்று தடவுகிற அதே இரண்டு விரல். கேக் தட்டோடு நின்ற ஸ்டெல்லா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். வளர்மதி அவளைப் பார்த்து நன்றி சொல்லிச் சிரித்தாள், மற்றவர்களுக்கும் சொன்னாள், கேக் மிச்சத்தைக் காவலாளிக்குக் கொடுக்கச் சொன்னாள். பிறகு மகளிடம் சொன்னாள், "பாப்பா, நீ முன்னாடி உக்காரு. சீட்டப் பின்னாடி நல்லாத் தள்ளிக்க. பெல்ட்டப் போட்டுக்க." தான் பின்னால் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ரோட்டுக்கு வந்தார்கள். புது வண்டிக்கே உரிய வாசனை, அதற்குள் நசுங்கிய எலுமிச்சை வாசனை. திரையில் என்னென்னவோ மின்னியது. ஆஸ்பத்திரிக்குப் போக வலது பக்கம் திரும்ப வேண்டும், அவன் சிக்னல் விளக்கைப் போட்டான். பின்னாலிருந்து அவள், "என்னைய பஸ் ஸ்டேண்டுல எறக்கி உட்டுருங்க. நான் டவுன் பஸ்ல போயிக்கறேன்" என்றாள். கோபம் இருந்தால் பரவாயில்லை, அந்தக் குரலில் கோபம் இல்லை. பஸ் ஸ்டாண்டு என்ற சொல் பிடரியில் வந்து விழுந்தது. சரிங்க என்று சொல்ல நாக்கு வரை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், அந்தப் பெரியவரை, நூறு ரூபாயை, மொய்க் கவரை, அதைச் சொன்னால் இது புரிந்துவிடும், புரியாவிட்டாலும் சொல்லிவிட வேண்டும் என்று கண்ணாடியில் அவள் முகத்தைத் தேடினான். "வளரு, நான் வந்து" என்றான். "ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றாள். அவள் ஒரு கை தன் பெல்ட்டைப் பிடித்திருந்தது, மறு கை முன்சீட்டு முதுகின் மேல், மகள் தலைக்குப் பின்னால் இருந்தது. அதே ரோடு, அதே திருப்பம், வேட்டி சட்டையும் சந்தனமுமாக அன்றைக்கு ஓட்டிய அதே வேகம். அன்றைக்குப் பின்சீட்டில் இருந்தவர் பேசிக்கொண்டாவது வந்தார். பஸ் ஸ்டாண்டு வாசலில் நிறுத்தினான். அவள் இறங்கினாள். அடுத்தவர் வண்டிக் கதவைச் சாத்துவதுபோலப் பார்த்து, சத்தமில்லாமல் சாத்தினாள். பாப்பாவுக்குச் சோறு போட்டுடுங்க, ரசம் அடுப்பு மேல இருக்குது என்றாள், கூட்டத்துக்குள் போனாள்.

தர்ஷிகாவின் விரல் கூரைக் கண்ணாடியைத் திறக்கிற பொத்தானுக்கு மேலே நின்றது. "அம்மா ஏம்ப்பா பஸ்ல போறாங்க? நம்ம வண்டி இருக்குதில்ல?" என்று கேட்டாள். பார்க்கிங் கிடைக்காது என்று சொல்லலாம், அம்மாவுக்கு வேலை இருக்கு என்று சொல்லலாம், இரண்டும் வரிசையாக வாயருகே வந்து நின்றன. ஸ்டியரிங்கின் பிளாஸ்டிக் உறையை அவன் நகம் கீறிக்கொண்டிருந்தது.

"பின்னாடி உக்கார்றவங்களுக்கு இதுல ஒண்ணும் வெக்கல பாப்பா. வெச்ச வண்டி இருந்துச்சு. அப்பாதான் வேண்டாம்னுட்டேன்."

அவள் திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். பொத்தானிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பின்னால் டவுன் பஸ்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான், அது பஸ் நிற்கிற இடம், வண்டியை எடுக்கச் சொல்லி.